புதுப்பிப்பு: மதர்போர்டு 127 டிகிரி காட்டிய விவகாரம்

போன வாரக் கேள்வி இதுதான்: கணினியின் வெப்பநிலைகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில், மதர்போர்டு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி 127 டிகிரி காட்டுகிறது, சிப்செட் (மதர்போர்டில் தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் சிப்) 78. எது நிஜம்?

127 வெறும் பேய்க்கணக்கு. வெப்பத்தை அளக்கும் சூப்பர் ஐஓ சிப்பில் பல சென்சார் இணைப்புகள் உண்டு; எல்லாவற்றிலும் தெர்மிஸ்டர் (வெப்பத்தை உணரும் சிறு பாகம்) பொருத்துவதில்லை. காலியாகக் கிடக்கும் இணைப்பு வாய்க்கு வந்ததைச் சொல்லும். இரவு முழுக்க அணைத்து வைத்துவிட்டு, காலையில் போட்ட உடனே பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் போர்டு 33 (அறை 31). விண்டோஸ் வந்ததுமே அந்த வரியில் மட்டும் அதே 127, கனமான வேலை கொடுத்தாலும் அசையவில்லை. வலது கிளிக் செய்து மறைத்தாயிற்று.

சிப்செட்டின் 78 நிஜம். கிராபிக்ஸ் கார்டு அதன் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றியதும் 66-க்கு இறங்கியது. ஆக, கோளாறு காற்றோட்டத்தில். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய முன் ஃபேனிடம் டிஷ்யூ தாளைப் பிடித்தால் ஒட்டாமல் வெளியே பறக்கிறது: ஃபேன் தலைகீழ்! குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கேபினட்டுக்கு உள்ளே பார்க்க வேண்டும். நாலு திருகைக் கழற்றித் திருப்பினதில், மூடி போட்டும் 67.

தொடாமலே வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கன் வைத்திருப்பவர்களுக்கு: பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துத்தான் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளக்கவும். சிப்செட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேடை மாற்றவில்லை, தேவைப்படவும் இல்லை.