வைட்டமின் டி: சைவக்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 நானோகிராம்தான். 20-க்குக் கீழே இருந்தால் குறைபாடாம். டாக்டர் சொன்ன மாத்திரை போடுகிறார். அப்புறம் அளவு குறையாமல் இயற்கையாகப் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா?

மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு எல்லாம் சொல்லாதீர்கள், அம்மா சுத்த சைவம். காளானை வெயிலில் வைத்தால் டி2 (வைட்டமின் டி-யின் ஒரு வகை) கூடும், ஆனால் அந்த வாசனையே அவருக்கு ஆகாது. வெயிலில் உட்காரலாம் என்றால், பால்கனியிலோ கண்ணாடி அடைத்திருக்கிறது. தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர் அதைத் தாண்டி வராது. மொட்டை மாடிதான் கதி. அதிகாலை வெயிலும் போதாது, நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் சரி. சென்னையில் அந்த நேரத்தில் 70 வயதுக்காரரை எப்படி உட்கார வைப்பது? வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறீர்கள்? வைட்டமின் டி செறிவூட்டிய பால் கொடுப்பவர்களும் சொல்லுங்களேன்.