முகட்டைத் தாண்டினால் வாக்கி டாக்கி கேட்கவில்லை: தீயணைக்கப் போகும் எங்கள் குழுவுக்கு எது வாங்கலாம்?

காப்பித்தோட்டம்:
வணக்கம். எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. மாசி பிறந்தால் புல் காய்ந்து, பங்குனி முடியும்வரை எங்காவது தீ பிடித்துக்கொண்டே இருக்கும். வனத்துறைக் காவலர்கள் மூன்று பேர் வருவார்கள். ஊர்ப் பையன்கள் நாங்கள் 14 பேர் அவர்களோடு போவோம். பச்சைத் தழையால் அடிப்பது, சருகைக் கூட்டித் தடுப்புக்கோடு போடுவது, இதுதான் வேலை. செல்போன் சிக்னல் கிடையாது.

போன வருடம் ஆன்லைனில் 6 வாக்கி டாக்கி வாங்கினோம். பெட்டியில் 5 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. பள்ளி மைதானத்தில் அருமையாகக் கேட்டது. பங்குனியில் தீ வந்தபோது ஏழு பேர் முகட்டுக்கு இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம் ஓடையில். திடீரென்று காற்று திரும்பியது. "மேலே ஏறாதீங்க, ஓடையிலேயே நில்லுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. இருபது நிமிடம் கழித்து முகமெல்லாம் கரியாக அவர்களே சுற்றி வந்து சேர்ந்தார்கள். இரண்டு செட்டில் வெறும் இரைச்சல்தான் கேட்டதாம். ஒரு செட்டில் அதுவும் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடம் இன்னும் என் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது ஊரில் 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். 5 வாட் சீனா செட் ஆளுக்கொன்று வாங்கிவிடலாம் என்கிறார்கள் பையன்கள். சரியா?

ஹாம்_மதுரை:
தம்பி, வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். செட்டின் பின்புற ஸ்டிக்கரில் என்ன அலைவரிசை? பேச்சுமூச்சில்லாத அந்த ஒரு செட்டில் சேனல் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது? பேசும்போது செட் எங்கே இருந்தது, கையிலா, இடுப்பிலா?

காப்பித்தோட்டம்:
ஸ்டிக்கரில் 446 என்று இருக்கிறது அண்ணா. அந்த செட்டை அப்படியே அலமாரியில் வைத்திருந்தோம். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். குமிழ் 9-ல் நிற்கிறது. நாங்கள் பேசியது 3-ல். அதை வைத்திருந்த பையன் செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு லேன்டானா புதருக்குள் நுழைந்து போனவன். குச்சி பட்டுத் திரும்பியிருக்கும்.

ஹாம்_மதுரை:
அப்படியானால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. முதலாவது குமிழ். அதற்குக் காசே வேண்டாம். வாக்கி டாக்கி விற்கும் கடையில் கொடுத்தால் கணினியில் மாட்டி, 1 முதல் 8 வரை எல்லா எண்ணிலும் ஒரே சேனலையும் 9 முதல் 16 வரை மாற்று சேனலையும் பதிந்து தருவார்கள். சின்னதாகத் திரும்பினாலும் தொடர்பு அறாது. டோன் (அதே குறியொலியோடு வரும் குரலை மட்டும் கேட்கவிடும் அமைப்பு) வைத்திருந்தால் கேட்கும் பக்கத்தில் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு செட்டில் டோன் மாறினாலும் அது ஊமையாகிவிடும். செட்டை இடுப்பிலிருந்து மார்புக்கு ஏற்றுங்கள். இடுப்பில் இருந்தால் உடம்பே அலையை விழுங்கும்.

இரண்டாவது மலை. பெட்டியில் போடும் கிலோமீட்டர் எல்லாம் வெட்டவெளிக் கணக்கு. 446 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் முக்கால் மீட்டர்கூட இல்லை. அது பெரும்பாலும் முகட்டில் முட்டி நின்றுவிடும். வனத்துறைக்காரர்கள் பெரும்பாலும் பேசும் விஎச்எஃப்பில் (இதைவிடக் குறைந்த அலைவரிசை) அலை நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். முகட்டை உரசிக் கொஞ்சம் வளைந்து இறங்கும். 5 வாட் வாங்கினாலும் பாறை பாறைதான்.

அந்த சீனா செட் பற்றி: அது பெரும்பாலும் 136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எதிலும் பேசும். அதனால்தான் சிக்கல். இவற்றில் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பேசக் கிடைப்பது 446.0 முதல் 446.2 வரை மட்டுமே, அதுவும் இ.டி.ஏ. (அரசின் கருவி வகை ஒப்புதல்) சான்று பெற்ற குறைந்த திறன் செட்டில். மற்றதை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் காவல்துறை அலைவரிசையில் ஏறிவிட்டால் ஊர்ப் பையன்கள்தான் மாட்டுவார்கள்.

என் யோசனை: இருக்கும் ஆறோடு அதே மாதிரி நான்கு செட். ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பேட்டரி. மிச்சக் காசில் நல்ல ஹெட்லாம்ப். தீ வரும் நாளில் ஒருவரை முகட்டு உச்சியில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அவருக்குக் கேட்கும். ஒரு பக்கச் செய்தியை அவர் வாங்கி மறுபக்கத்துக்குச் சொல்லட்டும்.

ஓய்வு_வனவர்:
ஹாம் நண்பர் சொன்ன மற்றதெல்லாம் சரி. கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். எரிகிற சரிவுக்கு நேர்மேலே முகட்டில் ஆளை நிறுத்தினால், ரேடியோ நன்றாகக் கேட்கும் இடத்தில் அவரைப் பலி கொடுத்தது மாதிரி. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேரை இழந்தோம். சரிவில் தீக்கு மேலே ஆள் நிற்கக்கூடாது என்பதை நான் ஒரு நாளும் மறப்பதில்லை.

இப்படிச் செய்தியை அஞ்சல் சொல்பவர் நிற்க வேண்டியது எதிர் முகட்டில், அல்லது ஏற்கெனவே எரிந்து கரியாகிக் கிடக்கும் இடத்தில். தீயும் ஆட்களும் இரண்டுமே அவர் கண்ணில் பட வேண்டும். அமெரிக்கக் காட்டுத்தீ வீரர் பால் க்ளீசன் 1991-ல் நான்கு விஷயம் சொல்லி வைத்தார்: பார்ப்பவர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். ரேடியோ அதில் ஒன்றுதான்.

இன்னொன்று. ரேஞ்சரிடம் போய்ப் பேசுங்கள். துறை அலைவரிசையில் நீங்கள் பேச முடியாது. ஆனால் வரும் காவலர் ஒருவரிடம் துறை செட் இருக்கும். அவரை அந்த அஞ்சல்காரர் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மலையடிவாரம்வரை செய்தி போய்விடும்.

ஹாம்_மதுரை:
ஐயா, நீங்கள் சொல்வதுதான் சரி. நான் அலையை மட்டும் யோசித்தேன், தீயை யோசிக்கவில்லை. தம்பி, என் யோசனையில் உச்சியை அடித்துவிட்டு எதிர் முகடு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பித்தோட்டம்:
இரண்டு பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காவலரோடு ஒத்திகை பார்த்தோம். ஓடையில் நான்கு பேர், இந்தச் சரிவில் நான்கு பேர், எதிர்ப் பாறையில் ஒருவர். நேராகக் கூப்பிட்டால் பழையபடி இரைச்சல்தான். பாறையில் இருந்தவன் வாங்கிச் சொன்னதும் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. பித்தானை அழுத்தியதும் உடனே பேசினால் முதல் வார்த்தை வெட்டுப்படுகிறது, "ஏறாதீங்க" என்பது "றாதீங்க" ஆகிவிடுகிறது. ஒரு மூச்சு விட்டுப் பேசப் பழகுகிறோம். முக்கியமான செய்தியைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம்.

ஓடையின் ஒரு வளைவில் மட்டும் பாறைக்கும் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு யாரும் தனியாகப் போகக்கூடாது என்று முடிவு செய்து, மரத்தில் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம். செட் நான்கு சொல்லியாகிவிட்டது.