புதுசா லைசென்ஸ் வாங்குன பையனுக்கு 200 பிஎஸ் வண்டி குடுக்கலாமா?

கேஆர்புரம்_வாசி:
வணக்கம் மக்களே. எங்க அக்கா பையனுக்கு 18 முடிஞ்சு இப்பதான் எல்எம்வி, அதாவது கார் லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. கத்துக்கிட்டது டிரைவிங் ஸ்கூல் ஆல்டோல. வீட்ல நிக்கிறது எக்ஸ்யூவி 700 பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 200 பிஎஸ் (குதிரைத்திறன்). அக்கா ஓட்டுற பழைய வேகன்ஆர் ஒண்ணும் இருக்கு, ஆனா பையன் அதைத் தொடவே மாட்டேங்கிறான், காலேஜ் பசங்க நாலு பேர ஏத்திக்கிட்டு ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள பெங்களூரு பக்கத்துல இருக்குற நந்தி ஹில்ஸ் போகணுமாம், போனா பெரிய வண்டிலதான் போவானாம். அக்கா வீட்டுக்காரர் "அதான் லைசென்ஸ் இருக்குல்ல, ஓட்டட்டும் விடு"ங்கிறாரு. ஆபீஸ்ல ஒருத்தர் இத்தாலிலலாம் புது டிரைவர் பவரான வண்டிய தொடவே கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு சொன்னாரு. நம்ம ஊர்ல அப்படி எதாவது இருக்கா? சட்டம்னு ஒண்ணு இருந்தா அதைக் காட்டி நிறுத்திடலாம், தாய்மாமன் பேச்சுக்கு மட்டும் அந்த வீட்ல மதிப்பு கிடையாது.

கிளட்ச்_காலி:
இல்ல சார், கர்நாடகான்னு இல்ல, இந்தியா முழுக்கவே இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988 வயசத்தான் பாக்குது. வயசோட சேத்து எஞ்சின் சைஸ் வர்ற இடம் 16 வயசுக்காரங்க 50 சிசி வரைக்கும் டூவீலர் ஓட்டலாம்ங்கிறது மட்டும்தான். 18 ஆயிட்டா எல்எம்வி கார்டுல ஆல்டோவும் ஓட்டலாம் போர்ஷேவும் ஓட்டலாம், பைக்ல இன்னும் மோசம், ஸ்ப்ளெண்டர்ல 8 போட்டு காட்டிட்டு அன்னைக்கே 1000 சிசி எடுத்துட்டு போனாலும் கேக்க ஆள் இல்ல. சிங்கப்பூர்ல பாருங்க, 200 சிசி வரைக்கும் ஒரு கிளாஸ், 400 வரைக்கும் ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு வருஷம் ஓட்டியிருக்கணும். ஐரோப்பாலயும் 18 வயசுல கிடைக்கிற ஏ2 பைக் லைசென்ஸ்ல 35 கிலோவாட் தான் உச்சவரம்பு, நம்ம பசங்க பறக்கவிடுற டியூக் 390யே அந்த கோட்டுக்கு பக்கத்துல போய் நிக்குது.

சிட்னி_ஸ்ரீராம்புரம்:
பொறந்து வளந்தது ஸ்ரீராம்புரம், இப்ப சிட்னி. இங்க பி பிளேட்காரங்களுக்கு, அதாவது புது லைசென்ஸ்காரங்களுக்கு, பவர் லிமிட் இருக்கு, டன்னுக்கு 130 கிலோவாட். வண்டியோட கிலோவாட்ட எடையால வகுக்கணும், அவ்ளோதான். முன்னாடி டர்போ கூடாது வி8 கூடாதுன்னு வெச்சிருந்தாங்க, ஆனா சின்ன சின்ன குடும்ப காருலயே டர்போ வந்துடுச்சு, அதனால 2014ல இந்த கணக்குக்கு மாத்திட்டாங்க. இப்ப உங்க எக்ஸ்யூவிய போடுங்க, 200 பிஎஸ்னா 147 கிலோவாட், எடை 1.7 டன்னுக்கு மேல, டன்னுக்கு 90 கூட வரல. அதாவது இங்க உங்க பையன் அதை தாராளமா ஓட்டலாம்!! இந்த ரூல்ல மாட்டுறது ஸ்போர்ட்ஸ் கார் தான்.

ஆனா நந்தி ஹில்ஸ் பிளான் இங்க நடக்காது. முதல் கட்டம் சிவப்பு பி, 25 வயசுக்குள்ளன்னா ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் 21 வயசுக்கு கீழ ஒரே ஒரு ஆளத்தான் ஏத்தலாம். ஸ்பீடு 90க்கு மேல கூடாது, சரக்கு ஜீரோ, போன் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கூட கிடையாது. பையன ஒத்தையா விட்டா ஒழுங்காத்தான் ஓட்டுவான், பின்னாடி மூணு பேர் "மச்சி அவன ஓவர்டேக் பண்ணுடா"ன்னு கத்தும்போதுதான் கால் அழுத்தும். என்னைக் கேட்டா உங்க அக்கா வீட்டுக்காரர் காப்பி அடிக்க வேண்டியது பவர் ரூல இல்ல, இதை.

குவாட்டர்மைல்:
பவர் லிமிட்டே வேஸ்ட் குரு. இத்தாலிய எடுத்துக்கோங்க, டன்னுக்கு 55 கிலோவாட், மொத்தத்துல 70 கிலோவாட்னு முதல் ஒரு வருஷத்துக்கு வெச்சிருந்தாங்க. அந்த கணக்குல நம்ம ஸ்விஃப்ட்டே ஃபெயில், 60 கிலோவாட் வண்டி, எடை ஒரு டன் கூட இல்ல. ஸ்விஃப்ட் ஆபத்தான வண்டியா? அவங்களுக்கே தோணியிருக்கும், 2024 டிசம்பர் 14ல இருந்து லைசென்ஸ் எடுக்குறவங்களுக்கு டன்னுக்கு 75, மொத்தம் 105னு ஏத்திட்டு, ஒரு வருஷத்த மூணு வருஷமா நீட்டிட்டாங்க. மைசூர் எக்ஸ்பிரஸ்வேல 100 தான் லிமிட், அதை தாண்ட வேகன்ஆரே போதும்.

கிளட்ச்_காலி:
@குவாட்டர்மைல் தாண்டலாம், ஆனா எத்தனை செகண்ட்ல தாண்டுதுங்கிறதுல தான விஷயமே இருக்கு. வேகன்ஆர் 100 தொடுறதுக்குள்ள எஞ்சின் போடுற சத்தத்துல பயம் வந்துடும், 200 பிஎஸ் வண்டில உள்ள உக்காந்தா 60க்கும் 110க்கும் வித்தியாசமே தெரியாது. அப்புறம் இத்தாலி கணக்குல எக்ஸ்யூவி 147, லிமிட் 105, அங்க கண்டிப்பா கிடையாது. ஒரு விதிவிலக்கு இருக்கு, பத்து வருஷ லைசென்ஸ் உள்ள, 65 வயசு தாண்டாத ஒருத்தர் பக்கத்து சீட்ல இருந்தா ஓட்டலாம். அப்பா பக்கத்துல உக்காரட்டும், பையன் ஓட்டட்டும், இத்தாலிக்காரனும் ஒத்துப்பான்.

எல்போர்டு_அண்ணன்:
தம்பி, அல்சூர்ல டிரைவிங் கத்துக்குடுக்குறவன் நான். எங்ககிட்ட கத்துக்கிட்டு போற பசங்களுக்கு ஆல்டோ தான் தெரியும். அதுல கிளட்ச்ச விட்டா வண்டி நின்னுடும், தப்பு பண்ணா அதுவே அடக்கிடும். ஆட்டோமேட்டிக்ல அது கிடையாது, பிரேக்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சா பாய்ஞ்சிரும், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தூண இடிக்கிற கேஸ் பாதி இப்படித்தான். பானட் வேற உசரம், முன்னாடி குழந்தை நின்னா தெரியாது. அதனால மொதல்ல வேகன்ஆர், சில்க் போர்டு டிராஃபிக், மழை, ராத்திரி எல்லாம் பாக்கட்டும். அப்புறம் பெரிய வண்டி, காலி ரோட்ல, அப்பாவோட. 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த வண்டின்னா 80 தாண்டுனா பீப் அடிக்கும், 120ல விடாம கத்தும், அந்த சத்தத்த ஆஃப் பண்ண வழி தேடுறான்னா சாவிய வாங்கி வெச்சுக்கோங்க. நந்தி ஹில்ஸ் ஏறுறது கஷ்டமில்ல, இறங்குறதுதான். ஆட்டோமேட்டிக்க டி (டிரைவ்) கியர்லயே போட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி பிடிக்காது, மேனுவல் மோடுல கியர குறைச்சு வரணும். காலைல பனி வேற.

கேஆர்புரம்_வாசி:
நன்றி அண்ணா, நன்றி எல்லாருக்கும். இத்தாலி ரூல சொன்னேன், அக்கா வீட்டுக்காரர் "நான் பக்கத்துல உக்காந்து வரேன்"னு கிளம்பிட்டாரு, பையன் மூஞ்சி தொங்கிப்போச்சு, ஃபிரெண்ட்ஸ் முன்னாடி மானம் போயிடுமாம். இப்ப வேகன்ஆர்லயே போறேன்னு இறங்கி வந்திருக்கான், விடிஞ்சப்புறம்தான் கிளம்பணும்னு அக்கா கண்டிஷன். அஞ்சு பேரோட அது மலை ஏறுமா?

எல்போர்டு_அண்ணன்:
எஞ்சின் 1.0 லிட்டரா 1.2 ஆ? 1.0ன்னா ஏசிய ஆஃப் பண்ணிட்டு ரெண்டாவது கியர்லயே போகச்சொல்லு, ஏறும். டயர் காத்து மட்டும் முந்தின நாளே பாத்துடு, அஞ்சு பேர் வெயிட்டு.