பிள்ளைக்கு எந்த கேம் சரி? பெட்டியில் இருக்கும் வயது எண் போதுமா?

சுன்னாகத்து அம்மா:
மகன் தரம் 6, வயது 11. பாரிஸில் இருக்கும் என் தம்பி ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது தன் பழைய பிஎஸ்4 ஐ (டிவியில் பூட்டி கேம் விளையாடும் கருவி) மருமகனுக்குக் கொண்டு வருகிறான். டிஸ்குகளைப் படம் எடுத்து அனுப்பினான். ஜீரிஏ 5 இல் சிவப்பாக 18, மைன்கிராப்டில் பச்சையாக 7, காற்பந்து கேமில் பச்சையாக 3. பச்சையைக் கொடுத்துவிட்டுச் சிவப்பைப் பூட்டி வைத்தால் போதுமா? வகுப்பில் எல்லோரும் போனில் ப்ரீ ஃபயர் என்ற துவக்குக் கேம் விளையாடுகிறார்கள், தனக்கு மட்டும் இல்லை என்று போனுக்கும் அழுகிறான். அதற்கு என்ன சொல்வது?

கணித ரீச்சர்:
போதும் அம்மா. அந்த எண்ணைப் போடுவது பெகி என்ற ஐரோப்பிய அமைப்பு, 2003 இலிருந்து போடுகிறார்கள். 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படி. கனடாவிலிருந்து வரும் டிஸ்கில் எழுத்து இருக்கும், அது 1994 இல் தொடங்கிய வட அமெரிக்க அமைப்பான ஈஎஸ்ஆர்பி போடுவது. ‘இ’ எல்லோருக்கும், ‘ரி’ 13 க்கு மேல், ‘எம்’ 17 க்கு மேல். இங்கே கடையில் யாரும் வயது கேட்டு விற்பதில்லை, பெட்டியைப் பார்க்கும் வேலை நமக்குத்தான். ‘அவன் வயசுக்கு மிஞ்சின கெட்டிக்காரன்’ என்று பெற்றோர் என்னிடம் வந்து சொல்கிறார்கள். கெட்டிக்காரன் என்பதற்காக 11 வயதில் மோட்டார் சைக்கிள் கொடுப்போமா?

பருத்தித்துறையான்:
ரீச்சர், ஜீரிஏ விடயத்தில் உங்களோடு முழுவதும் நிற்கிறேன். அதில் ஒருவரைச் சித்திரவதை செய்யும் கட்டம் வருகிறது, அதை விளையாடுபவர் தன் கையாலேயே செய்ய வேண்டும். 11 வயதுக்கு அது பேச்சுக்கே இடமில்லை. நான் மறுப்பது அந்தப் பச்சை 3 ஐ.

காற்பந்தில் இரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, அதனால் 3. ஆனால் அதற்குள் அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி இருக்கிறது. உண்மையான காசு கொடுத்து மூடிய பொதி வாங்கலாம். திறக்கும் வரை எந்த வீரர் வருவார் என்று தெரியாது. நல்ல வீரர் வராவிட்டால் இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. பெல்ஜியம் 2018 இல் இப்படிப்பட்டவை சூதாட்டம் என்று முடிவெடுத்தது, 2019 ஜனவரியில் அந்தக் காற்பந்து கேமைச் செய்யும் ஈஏ நிறுவனம் அந்த நாட்டில் மட்டும் பொதி வாங்கும் புள்ளிகளை விற்பதை நிறுத்தியது. மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு விற்பனை தொடர்ந்தது. 2018 இல் பெகி ‘கேமுக்குள் வாங்கலாம்’ என்று ஒரு சின்ன அடையாளம் சேர்த்தது. அதற்கு முந்தைய டிஸ்க் என்றால் அதுவும் இருக்காது. எண்ணை மட்டும் பார்க்கிற அம்மா, மூன்று வயதுக்கே ஆகும் என்று நிம்மதியாகக் கொடுத்துவிடுவார்.

இரண்டாவது, இணையத்தில் வரும் ஆட்கள். ஆட்களோடு நடக்கும் பேச்சுக்குத் தாங்கள் தரம் போடவில்லை என்று ஈஎஸ்ஆர்பியே சொல்கிறது. ப்ரீ ஃபயரில் மைக்கைத் திறந்தால் மறுபக்கம் இருப்பவருக்கு 12 வயதா 32 வயதா என்று எந்த எண்ணும் சொல்லாது. ரோப்ளொக்ஸ் என்ற இணைய கேம் தளத்தில் விளையாட்டுகளைச் செய்வதே அதைப் பாவிப்பவர்கள்தான். 13 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கு வெளியே தனிச் செய்தி அனுப்ப முடியாதபடி 2024 நவம்பரில்தான் மாற்றினார்கள். எனவே ஒரு கேமைப் பிள்ளையோடு இருந்து விளையாடிப் பார்க்காமல் ‘சரி’ சொல்லக் கூடாது.

கணித ரீச்சர்:
யார் இருந்து விளையாடுவது? காலையில் தோட்டம், பகல் கந்தோர், பின்னேரம் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கி, இரவு சமைத்து முடிக்கும் தாயா? உங்களுக்கு கேம் தெரியும் தம்பி. தெரியாதவருக்கு ஒரு பார்வையில் விளங்குவது எண் மட்டும்தான். அது குறைவாக இருந்தால் மேலே சேருங்கள். ‘எண்ணை நம்பாதீர்கள்’ என்று நீங்கள் எழுதுவதை வாசிக்கிற பத்துப் பேரில் சிலராவது, அப்படியென்றால் 18 உம் சும்மா போடுவதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குப் பயம்.

கொக்குவில் அப்பா:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பப்ஜி என்ற துவக்குக் கேமை இந்தியா 2020 இல் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனமே இதை நோய்ப் பட்டியலில் போட்டுவிட்டது. சாதாரண தரம் எழுதி முடியும் வரை வீட்டில் கேம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பருத்தித்துறையான்:
அண்ணை, இந்தியா தடை செய்ததற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தரவும், பிள்ளைகளின் வயதல்ல. உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்தது விளையாடுவதை அல்ல, கட்டுப்பாடு போய், படிப்பு, சாப்பாடு, நித்திரை எல்லாம் கெட்ட பிறகும் நிறுத்த முடியாமல், வழக்கமாக 12 மாதமாவது நீளும் நிலையை. வன்முறை கேம் விளையாடினால் பிள்ளை கொலைகாரனாவான் என்று சிலர் சொல்வதற்கும் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன ஆக்ரோஷத்தோடு தொடர்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உயர்தர மாணவன்:
நான் உயர்தரம் படிக்கிறேன். கொக்குவில் அங்கிள், வீட்டில் இல்லை என்றால் ரியூசன் முடிந்து நண்பனின் போனில் விளையாடுவோம். அப்போது யாரோடு விளையாடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியவே வராது. பெற்றோர் ‘எவ்வளவு நேரம்’ என்று மட்டும்தான் கேட்கிறார்கள். ‘உன்ர டீமில ஆர் ஆர்?’ என்று கேளுங்கள். டயமண்ட் (ப்ரீ ஃபயருக்குள் பாவிக்கும் காசு) வாங்கித் தருகிறேன், உன் கணக்கின் பாஸ்வேர்டைத் தா என்று கேட்டவர்கள் எங்கள் வகுப்பில் பலருக்கு வந்திருக்கிறார்கள். அதை வீட்டில் சொன்னால் போனைப் பறித்துவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

95 இல் நடந்தவன்:
எல்லோரும் வயதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நின்றவன். என் மகன் பக்கத்து அறையில் பப்ஜி விளையாடும்போது, ஹெட்போன் கழன்றால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அவனுக்கு 17 வயது, எந்த எண்ணின்படியும் அவன் விளையாடலாம். எந்தச் சபையாவது என் வீட்டுக்கு ஒரு எண் போடுமா? அவனைத் தடுக்கவில்லை. ஆனால் நான் ஏன் எழும்பி வெளியே போகிறேன் என்று அவனுக்கு இருத்திச் சொன்னேன். பங்கர் எப்படி இருக்கும், ஷெல் கூவி வரும்போது எங்கே படுப்போம் என்று அவன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். நம் ஊரில் ஒரு துவக்குக் கேம் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையோடு இந்தக் கதையைக் கதைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 12 என்று போட்டிருந்தாலும் கதைக்காத வீட்டில் கொடுக்கக் கூடாது.

உயர்தர மாணவன்:
அங்கிள், போரில் அகப்பட்ட பொதுமக்களாக விளையாடும் கேமும் இருக்கிறது. ‘திஸ் வோர் ஒவ் மைன்’, 2014 இல் போலந்தில் செய்தது. பொஸ்னியப் போரில் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டதை வைத்துச் செய்திருக்கிறார்கள். பகலில் வீட்டைத் திருத்தி, இரவில் சாப்பாடு தேடிப் போக வேண்டும். போலந்து அரசு 2020 இல் அதைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அதை விளையாடிய பிறகுதான் நான் அம்மம்மாவிடம் வன்னிக் கதை கேட்டேன்.

கணித ரீச்சர்:
நல்லது தம்பி, ஆனால் அதற்கும் ஈஎஸ்ஆர்பி ‘எம்’ தான் போட்டிருக்கிறது. உங்கள் வயதுக்குச் சரி, 11 க்கு இல்லை. 95 அண்ணா சொன்னதை ஏற்கிறேன். எண் சரியாக இருந்தும் வீட்டுக்குச் சரியில்லாத கேம் உண்டு. எண் சரியில்லாததைக் கதைத்துப் பேசிச் சரியாக்கலாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

சுன்னாகத்து அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஜீரிஏயைக் கொண்டுவர வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன். மைன்கிராப்டும் காற்பந்தும் சரி, காசு விடயத்தை எப்படிப் பூட்டுவது? ப்ரீ ஃபயர் இப்போதைக்கு இல்லை.

பருத்தித்துறையான்:
அக்கா, பிஎஸ்4 இல் உங்கள் பெயரில் ஒரு கணக்கு, அதற்குள் மகனுக்குப் பிள்ளைக் கணக்கு திறவுங்கள். வயது எல்லை, ஆட்களோடு பேசுவது, விளையாடும் நேரம், மாதச் செலவு எல்லாம் அங்கே இருக்கும். செலவைப் பூச்சியத்தில் வையுங்கள். உங்கள் கணக்குக்குக் கடவு எண் போட்டு, புதிய பயனர் திறப்பதையும் விருந்தினராக நுழைவதையும் தடுங்கள். இல்லாவிட்டால் அவன் இன்னொரு பெயரில் நுழைந்துவிடுவான். தம்பியின் வங்கி அட்டை அதில் ஏறியிருந்தால் வந்தவுடனே அழிக்கச் சொல்லுங்கள்.

சுன்னாகத்து அம்மா:
செய்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் பெரியப்பா வீட்டில் நிற்பான். அங்கே 16 வயது அண்ணன் ஜீரிஏ வைத்திருக்கிறான். அதற்கு என்ன செய்வது?

கணித ரீச்சர்:
பெரியம்மாவிடம் முன்கூட்டியே நேரில் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

உயர்தர மாணவன்:
அன்ரி, பெரியம்மாவுக்குச் சொன்னால் அண்ணன் கதவைப் பூட்டிக்கொண்டு விளையாடுவான், உங்கள் மகனும் உள்ளேதான் இருப்பான். அந்த அண்ணனிடமே சொல்லுங்கள். ‘தம்பி இருக்கும்போது போடாதே, நீதான் பொறுப்பு’ என்று கேட்டால் நாங்கள் கேட்போம்.