வாசனை மெழுகு சாம்பிளுக்கு எந்த டப்பா எடுக்கலாம்?

மல்லிகை_மெழுகு (ரோஸ் ஹில், மொரீஷியஸ்) கேட்டது:

வணக்கம். சோயா மெழுகில் 12 வாசனைகளுக்குச் சாம்பிள் போட வேண்டும். ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிராம். திரி கிடையாது, வாங்குகிறவர்கள் பர்னரில் (மெழுகை இளஞ்சூட்டில் உருக்கி வாசனை பரப்பும் சிறு கிண்ணம்) போட்டு உருக்கிப் பார்ப்பார்கள். பாதி கத்ர் போர்ன் சந்தையில் மேசை மேல் இருக்கும், பாதி தபாலில் போகும்.

பார்த்து வைத்திருப்பவை: சட்னி கொடுக்கிற 30 மில்லி பிளாஸ்டிக் கப், ஆறு குழி மடக்கு டப்பா, 60 மில்லி அலுமினிய டப்பா, ஜிப் கவர். வாசனைகளில் ஆரஞ்சு, எலுமிச்சை, வனிலா, இலாங் இலாங் பூ, வெட்டிவேர் உண்டு. ஒரு மாதம் வாசனை குறையாமல் இருக்க வேண்டும், ஒழுகக் கூடாது. எதை எடுப்பது?

தகரமூடி (க்யூர்பிப்):

முதலில் கப்பைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் என்ன எண் என்று பாருங்கள். சட்னிக் கப் என்ற பெயரில் மூன்று வகை பிளாஸ்டிக் விற்கிறது, மூன்றும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

6 என்றால் பாலிஸ்டைரீன். தொடவே வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். முதலில் சுவரில் முடி போலக் கீறல்கள் ஓடும், பிறகு அடி இளகி மெழுகு கசியும். கண்ணாடி போல் பளபளத்து, அழுத்தினால் படக்கென்று உடைகிற கப் பெரும்பாலும் இதுதான்.

1 என்றால் பெட் (PET) பிளாஸ்டிக். எண்ணெயைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. 70 டிகிரியைத் தொட்டாலே இளகத் தொடங்கும். தெளிந்த மடக்கு டப்பாக்களில் நிறைய இந்த ரகம். 75 டிகிரி மெழுகை ஊற்றினால் குழி கோணிக்கொள்ளும், மூடி அப்புறம் சேராது. 60 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றினால் தப்பும்.

5 என்றால் பாலிப்ரொப்பிலீன். உங்களுக்கு வேண்டியது இது. சற்றுப் பால்மங்கலாக இருக்கும், வளைத்தால் வளையும், கொதிநீர்ச் சூட்டையும் தாங்கும். மூடியைத் தனியாகப் பாருங்கள். கப் 5 ஆக இருந்து மூடி 6 ஆக வருவது சகஜம். மூடியில்தான் வாசனை எண்ணெயின் ஆவி வந்து படியும், அதனால் முதலில் கெடுவதும் மூடிதான்.

ஒரு விஷயம், மொரீஷியஸில் 2021 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் மக்காத பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பட்டியலில் கப், கிண்ணம், கீல் வைத்த டப்பா எல்லாம் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைக்கும் முன், டப்பாவின் படத்தையும் பயனையும் சொல்லி சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். துறைமுகத்தில் சரக்கு நின்ற பிறகு பேசிப் பயனில்லை.

இந்த ஒரு காரணத்துக்காகவே நான் உங்களுக்கு அலுமினிய டப்பாவைச் சொல்வேன். 60 மில்லி பெரிது. 30 மில்லி டப்பாவே போதும்.

அளவு: 30 மில்லி டப்பாவில் 25 கிராம் ஊற்றாதீர்கள். உருகிய சோயா மெழுகு 25 கிராம் கிட்டத்தட்ட 28 மில்லி வரும், விளிம்பைத் தொட்டுவிடும். 22 கிராம் வைத்தால் மூடிக்கும் மெழுகுக்கும் நடுவே இடம் கிடைக்கும். பத்து டப்பாவுக்கு 220 கிராம், பாத்திரத்தில் ஒட்டுவதையும் சேர்த்து 240 கிராம் என்று வையுங்கள். மெழுகின் எடையில் 8 சதவீதம் எண்ணெய் என்றால் 222 கிராம் மெழுகு, 18 கிராம் எண்ணெய். எண்ணெயை மில்லியில் அளக்க வேண்டாம், ஒவ்வொரு எண்ணெய்க்கும் அடர்த்தி வேறு.

பர்னர்_பக்கம் (மாஎபூர்):

அலுமினியம் நல்லதுதான், ஆனால் பர்னரில் உருக்க வாங்குகிறவர் டப்பாவிலிருந்து சோயாவை எப்படி எடுப்பார்? கரண்டியால் சுரண்ட வேண்டும். டப்பா எதுவென்று முடிவு செய்யும் முன் மெழுகு எந்த ரகம் என்று பாருங்கள்.

ஜாடிக்கான சோயா மெழுகு இளகலானது. அதைக் கப்பிலோ டப்பாவிலோதான் வைக்க முடியும். அச்சில் வார்ப்பதற்கென்று கெட்டியான சோயா ரகம் தனியே இருக்கிறது. அதைச் சிலிக்கான் அச்சில் ஊற்றிக் கட்டியாக எடுத்து, உள்ளே அலுமினியப் படலம் உள்ள பையில் போட்டுச் சூட்டில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. மசாலாத் தூள் வருகிற பை இருக்கிறதே, அந்த மாதிரி. கட்டியைக் கையில் எடுத்து அப்படியே பர்னரில் வைக்கலாம். தபால் எடையும் குறையும்.

சாதாரண ஜிப் கவர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பாலித்தீன். தண்ணீரைத் தடுக்கும், வாசனையைத் தடுக்காது. 12 வாசனையையும் ஜிப் கவரில் போட்டு ஒரே பெட்டியில் அடுக்கினால் இரண்டு வாரத்தில் வெட்டிவேரில் வனிலா அடிக்கும். காகிதப் பையும் அப்படித்தான், கூடவே எண்ணெய்க் கறை வேறு.

சிலிக்கான் அச்சு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சை வகைக்கு ஒன்று, பூ வகைக்கு ஒன்று, வனிலாவுக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

மல்லிகை_மெழுகு:

இருவருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது ஜாடி ரகச் சோயா, 10 கிலோ மிச்சம். அதனால் இந்தச் சுற்றுக்கு டப்பாதான். தகரமூடி அண்ணா, வாசனை வெளியேறுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? வனிலா பழுப்பாக மாறுகிறதே, அது டப்பாவின் குற்றமா?

தகரமூடி:

வனிலா பழுப்பாவது வனிலின் செய்கிற வேலை. எந்த டப்பாவில் வைத்தாலும் நடக்கும். தெளிந்த கப்பில் பார்த்தால் பழைய சரக்கு என்று நினைப்பார்கள், அலுமினிய மூடிக்குள் இருந்தால் அந்தப் பேச்சே வராது.

சோதனை இரண்டு. முதலாவது, பஞ்சுக் குச்சியை வாசனை எண்ணெயில் நேரடியாகத் தோய்த்து, காலி டப்பாவின் உள்சுவரிலும் மூடியிலும் தடவி, மூடி ஒரு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக்கானால் மங்கல், கீறல், பிசுபிசுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அலுமினிய மூடிக்குள் வெள்ளை நுரை வட்டம் ஒட்டியிருந்தால் அதைக் கவனியுங்கள். எண்ணெய் குடித்து ஊதியிருந்தால் பிய்த்துவிட்டு வெறும் மூடியைப் போடுவது மேல்.

இரண்டாவது எடை. 0.01 கிராம் காட்டும் தராசில், மூடிய டப்பாவை நிறுத்து எழுதி வையுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி நிறுங்கள். 22 கிராமில் எண்ணெய் 1.6 கிராம்தான். 0.1 கிராம் குறைந்திருந்தால் எண்ணெயில் 6 சதவீதம் போய்விட்டது. அடுத்த மாதம் சாம்பிள் சப்பென்று இருக்கும். திருகு மூடி டப்பா இதில் தேறும், அழுத்து மூடி பலதும் தேறாது. அழுத்து மூடிதான் கிடைத்தது என்றால் சேருமிடத்தைச் சுற்றி ஒட்டுநாடா ஒரு சுற்று.

சந்தை மேசையில் விற்பனை டப்பாவைத் திறந்து முகரக் கொடுக்காதீர்கள். வாசனைக்கு ஒன்றாகச் சிறு கண்ணாடி ஜாடி தனியே வையுங்கள், அதுவும் நிழலில். உச்சி வெயில் நேராக விழுந்தால் மெழுகின் மேல் எண்ணெய் வியர்க்கும்.

வெட்டிவேர்_974 (ரியூனியன்):

தபாலில் எங்கள் தீவுக்கும் அனுப்புவீர்கள் என்றால் டப்பாவின் அளவோடு லேபிளையும் யோசியுங்கள். ரியூனியன் பிரான்சின் பகுதி, ரசாயனக் கலவைகளுக்கு அபாய லேபிள் ஒட்டச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1272/2008 விதி இங்கே செல்லும். கலவை அபாய வகைக்குள் வந்தால் குறியீடு, எச்சரிக்கை வாக்கியம் எல்லாம் பிரெஞ்சில் வேண்டும். இலவசச் சாம்பிள் என்பதால் விலக்குக் கிடையாது, காசு வாங்காமல் கொடுப்பதும் அந்த விதிக்குள் வரும். வாசனை எண்ணெய் விற்றவரிடம், நீங்கள் போடுகிற 8 சதவீதத்துக்கான பாதுகாப்புத் தாளை (அபாயங்களைச் சொல்லும் SDS ஆவணம்) கேட்டு வாங்குங்கள். நூறு சதவீதத்துக்கான தாளை வைத்து லேபிள் எழுதினால் தேவையில்லாத எச்சரிக்கைகள் சேரும்.

30 மில்லி டப்பாவின் மூடியில் இவ்வளவும் அடங்காது. டப்பாவைச் சுற்றி வரும் பட்டை லேபிளோ, மடித்துத் தொங்கவிடும் அட்டையோ போடுங்கள். திரி இல்லாத மெழுகு அலுமினிய டப்பாவில் போவதால், "பற்றவைக்காதீர்கள், டப்பாவோடு அடுப்பில் வைக்காதீர்கள், கரண்டியால் எடுத்துப் பர்னரில் இடுங்கள்" என்பதை மூடியின் மேலேயே அச்சிடுங்கள். பார்க்கச் சின்ன மெழுகுவர்த்தி மாதிரியே இருப்பதால் திரி செருகிக் கொளுத்தப் பார்ப்பவர்கள் உண்டு.