‘வோலாரே’ பாடினவர் எந்த ஊர்?

குழு: நல்லூர் வீட்டு ஆக்கள்

மகேஸ் பெரியம்மா: பிள்ளைகள், நேற்றுப் பின்வீட்டுக் கல்யாண வரவேற்பில் வெளிநாட்டுப் பாட்டு ஒன்று போட்டார்கள். ‘வோலாரே, ஓ ஓ’ என்று வரும். சின்னன் பெரிசு எல்லாம் கையை விரித்துக்கொண்டு ஆடினது. ஆருடைய பாட்டு? எனக்கு ஒருக்கால் அனுப்பி விடுங்கோ.

நிரோஷன்: ஜிப்சி கிங்ஸ், அம்மா. பிரான்ஸ்காரர். இங்கே லண்டனில் எங்கட ஆக்களின் பார்ட்டி என்றால் அது இல்லாமல் முடியாது.

குமார் அண்ணா: எடேய், அவர்கள் 1989இல் எடுத்துப் பாடினவர்கள். பாட்டு வந்தது 1958. மெட்டமைத்துப் பாடினவர் தொமெனிக்கோ மொதூன்யோ, இத்தாலிக்காரர். சொற்களை அவரும் பிராங்கோ மில்யாச்சியும் சேர்ந்து எழுதினார்கள். அசல் தலைப்பு ‘நெல் ப்ளூ திபிந்தோ தி ப்ளூ’. அதை ஆர் வாயில் வைக்கிறது? சனம் ‘வோலாரே’, அதாவது பறக்கிறது, என்றே பழகிவிட்டது.

சுகந்தி: பெரியம்மா, அவர் நாங்கள் இருக்கிற இந்தச் சிசிலித் தீவு ஆள். நான் வேலைக்குப் போகிற வீட்டு அம்மா சமைக்கும்போது அவருடைய மீன் பாட்டைத்தான் முணுமுணுப்பா.

ஆரணி: அம்மா, அவர் சிசிலி இல்லை!

சுகந்தி: என்ன கதை இது. அந்த அம்மா இங்கே, பலெர்மோ நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவ. அவவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?

ஆரணி: அவ பிழை இல்லை. அவர்தான் அப்படிச் சொல்லித் திரிந்தவர். பிறந்தது இத்தாலியின் தென்கிழக்கில், பூல்யாப் பகுதியில், பொலின்யானோ ஆ மாரே என்ற கடற்கரை ஊரில், 1928 ஜனவரி 9. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இன்னும் தெற்கே சான் பியெத்ரோ வெர்னோத்திக்கோவுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்துப் பேச்சு, பொலின்யானோப் பேச்சை விடச் சிசிலிப் பேச்சுக்குத்தான் கிட்ட. அதில் பாடினால் வெளியே இருந்து கேட்கிறவனுக்கு வித்தியாசம் பிடிபடாது.

நிரோஷன்: பருத்தித்துறைக்காரன் கொழும்புக்குப் போய் மட்டக்களப்பு என்று சொல்லித் திரிந்த மாதிரியா?

ஆரணி: அப்படித்தான் மாமா. ஆனால் இவருக்கு அது சம்பளம் தந்தது.

குமார் அண்ணா: அவர் பாட்டுக்காரராகப் போகவில்லை என்பதையும் சொல்லு. நடிகராக வேண்டும் என்றுதான் ரோமுக்குப் போனவர். அங்கே அரசாங்கத் திரைப்படக் கல்லூரியில் படித்தார். 50களின் தொடக்கத்தில் வானொலியில் கிதாரோடு ஊர்ப்பாட்டுப் பாடக் கிடைத்தது. சிசிலிப் பாடகன் என்று சொன்னால் இன்னும் எடுபடும் என்று வானொலிக்காரர் சொன்னதாகக் கதை. இவரும் சரி என்றுவிட்டார்.

மகேஸ் பெரியம்மா: பிழைப்புக்குப் போன இடத்தில் அப்படித்தான். அது என்ன மீன் பாட்டு?

ஆரணி: ‘லு பிஷ்ஷே ஸ்பாதா’, 1954. வாள்மீன் பாட்டு, அம்மம்மா. ஒரு சோடி வாள்மீன் வருகுது. வள்ளத்தில் நிற்கிறவன் ஈட்டி எறிகிறான், பெண்மீனில் பட்டுவிடுகிறது. அவள் ஆண்மீனை ஓடித் தப்பச் சொல்கிறாள். அவன் போகமாட்டேன், நீ செத்தால் நானும் உன்னோடு சாகிறேன் என்று வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தானும் அகப்படுகிறான்.

மகேஸ் பெரியம்மா: ஐயோ.

ஆரணி: கேட்டால் இன்னும் ஐயோ. மீனவர் கத்துகிறதையும் அவரே கத்துவார், பெண்மீன் கெஞ்சுகிறதையும் அவரே கெஞ்சுவார். நடிப்புப் படித்த ஆள் என்று அதில்தான் தெரியும்.

சுகந்தி: பெரியம்மா, இங்கே பல்லரோ சந்தையில் வாள்மீன் வெட்டினால் தலையைக் கழித்துப் போடமாட்டார்கள். வாள் மேலே பார்க்கிற மாதிரி நட்டுக்கு நிறுத்தி, சுற்றிவரத் துண்டுகளை அடுக்குவார்கள். முதல்தரம் பார்த்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு வாங்கவும் மனம் வருகுதில்லை.

நிரோஷன்: போன கிழமை வாள்மீன் குழம்பு என்று படம் போட்டது ஆர்?

சுகந்தி: அது பிள்ளைகள் கேட்டதுகள்.

குமார் அண்ணா: சரி, 1958க்கு வாறேன். சான்ரெமோப் பாட்டு விழா. அந்தக் காலத்தில் ஒரு பாட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பாடவேண்டும். ‘வோலாரே’யை இவரும் ஜானி தொரெல்லியும் பாடினார்கள். அதுவரை அந்த மேடையில் பாடகர் என்றால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அம்மா, கண்ணீர், பிரிவு என்று அசையாமல் நின்று பாடுகிறவர். இந்த மனிதர் வந்து, முகத்துக்கும் கைக்கும் நீலம் பூசிக்கொண்டு காற்றோடு பறக்கிற கனவைப் பாடிவிட்டு, பல்லவி வருகிற இடத்தில் இரண்டு கையையும் அகல விரித்தார். அவ்வளவுதான். நேற்று உங்கட பின்வீட்டில் கையை விரித்தவர்கள் எல்லாம் அவரிடம் கடன்பட்டவர்கள்.

ஆரணி: அந்தக் கனவு எங்கே இருந்து வந்தது என்று மில்யாச்சி சொன்ன கதை நல்லா இருக்கும் மாமா. இரண்டு பேரும் கடற்கரைக்குப் போகிறதாக ஏற்பாடு. மொதூன்யோ வரவில்லை. இவர் வைனைக் குடித்துவிட்டு, சுவரில் இருந்த, மார்க் சகால் என்ற ஓவியரின் படப் பிரதிகளைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போனாராம். அந்தப் படங்களில் ஆட்கள் ஆகாயத்தில் மிதப்பார்கள். எழும்பி எழுதினது இந்தப் பாட்டு.

நிரோஷன்: சொன்ன நேரத்துக்கு வராத கூட்டாளியால் உலகத்துக்கு வந்த ஒரே நன்மை.

குமார் அண்ணா: சான்ரெமோவில் முதல் பரிசு. அடுத்த மாதம் நெதர்லாந்தில், ஹில்வெர்சத்தில், யூரோவிஷன், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி. முதலாவதாகப் பாடவிட்டார்கள். ஒளிபரப்பில் கோளாறு, சில நாடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் திரும்ப ஒருக்கால் பாடவைத்தார்கள். முடிவு என்ன தெரியுமா? மூன்றாம் இடம். முதல் வந்தது பிரான்சின் ஆந்திரே க்ளாவோ.

மகேஸ் பெரியம்மா: அவருடைய பாட்டை ஏன் கல்யாண வீட்டில் போடவில்லை?

குமார் அண்ணா: பெரியம்மா, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

குமார் அண்ணா: அந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் பில்போர்ட் என்ற இசைப் பத்திரிகையின் ஹாட் 100 பாட்டுப் பட்டியல் புதிதாகத் தொடங்கியிருந்தது. இரண்டு கிழமைக்குள் இது முதலிடம். ஒரு கிழமை இன்னொரு பாட்டு முந்தினது, அடுத்த கிழமை இது திரும்ப ஏறினது. மொத்தம் 5 கிழமை. அந்த வருடம் முழுவதற்குமான பட்டியலிலும் இதுதான் முதலாவது. 1959 மே மாதம் முதன்முதலாகக் கிராமி விருது கொடுத்தபோது ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த பாடல் இரண்டும் இதற்குத்தான். முழுக்க இத்தாலிய மொழிப் பாட்டு. டீன் மார்ட்டின் அதே வருடம் பாதி இங்கிலீஷ் ஆக்கிப் பாடினார், அதுவும் நல்லாக ஓடினது. ஆனாலும் அசல்தான் முதலிடம்.

நிரோஷன்: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணா, ஒரே ஒரு பாட்டு ஓடின ஆள்தானே? பிறகு என்ன செய்தார் என்று கேட்டால் இங்கே ஒருவனுக்கும் தெரியாது.

குமார் அண்ணா: லண்டனில் தெரியாதது உலகத்தில் இல்லை என்று ஆகுமா? சான்ரெமோவை அடுத்த வருடமும் வென்றார், ‘ப்யோவே’. அது ‘ச்சாவ் ச்சாவ் பம்பீனா’ என்றுதான் வெளியே தெரியும். 1962இல் திரும்ப, 1966இல் திரும்ப. 4 தடவை. 1964இல் நேப்பிள்ஸ் பாட்டு விழாவில் அந்த ஊர்ப் பேச்சில் பாட்டு ‘தூ சி நா கோசா கிராந்தே’, அதற்கும் முதல் பரிசு. பூல்யாப் பேச்சு, சிசிலிப் பேச்சு, நேப்பிள்ஸ் பேச்சு, பொது இத்தாலியம். எத்தனை பேரால் முடியும்?

நிரோஷன்: 1966 என்கிறீர்கள். இப்பதான் தேடிப் பார்த்தேன். அதே பாட்டோடு லக்சம்பர்க் யூரோவிஷனுக்குப் போய் 0 புள்ளி!

குமார் அண்ணா: …

நிரோஷன்: பூச்சியம் அண்ணா. பூச்சியம்.

குமார் அண்ணா: அந்த நடுவர்மாருக்குக் காது இல்லை. ‘தியோ கோமே தி ஆமோ’ இன்றைக்கும் இத்தாலியில் நிற்கிற பாட்டு. அந்த வருடம் புள்ளி வாங்கினவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லு பார்ப்பம், தேடாமல்.

ஆரணி: நீங்கள் இரண்டு பேரும் பரிசுக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அவரில் பிடித்தது பரிசு கிடைக்காத பாட்டுகள்தான். 1955இல் ‘வெக்கியோ பிராக்’. நடு இரவில், கோட்டும் தொப்பியுமாக ஒரு மனிதர் வெறும் தெருவில் தனியாக நடந்துபோகிறார். பின்னணியில் சீட்டி அடிக்கிற சத்தம். விடியும்போது ஆற்றில் ஒரு தொப்பியும் பூவும் உடுப்பும் மிதந்து போகுது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். 1954இல் ரோமில் விடுதி யன்னலில் இருந்து விழுந்து இறந்த ரைமொந்தோ லான்சா தி த்ராபியா என்ற பிரபுவை நினைத்து எழுதினது என்று சொல்வார்கள். அம்மா, தம்பியிடம் சொல்லுங்கோ, அந்தப் பிரபு பலெர்மோ கால்பந்துக் கழகத்தின் தலைவராக இருந்தவர்.

சுகந்தி: தம்பி இப்ப இந்தக் குழுவில் சேரப்போகிறான்.

ஆரணி: அடுத்தது ‘மெராவில்யோசோ’, 1968. பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, உயிரை விடலாமா என்று இருக்கிறவனிடம் ஒரு ஆள் வந்து, உன்னைச் சுற்றி எவ்வளவு அழகு இருக்கிறது, பாரடா என்கிறான். அதைச் சான்ரெமோவுக்குக் கொடுத்தார். தெரிவுக்குழு தள்ளிவிட்டது. அதற்கு முந்தின வருடம்தான் விழா நடந்துகொண்டிருக்கும்போதே லூயிஜி தெங்கோ என்ற பாடகர் விடுதி அறையில் தன்னுயிரை விட்டிருந்தார். அந்தப் பயம். பிறகு 2008இல் பூல்யாவின் தெற்கே சலென்தோப் பக்கத்து நெக்ராமாரோ குழு பாடி, என்ரை வயதுக்காரர் எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கும் முதலில் அவர்கள் பாட்டு என்றுதான் தெரியும்.

குமார் அண்ணா: 1961இல் ‘ரினால்தோ இன் காம்போ’ என்ற இசை நாடகம். இசை இவர், கதாநாயகனும் இவர். என்ன வேடம் என்று நினைக்கிறாய் சுகந்தி? சிசிலிக் கொள்ளைக்காரன்.

சுகந்தி: அப்ப நாங்கள் நம்பினதில் என்ன பிழை?

மகேஸ் பெரியம்மா: பெற்ற ஊர்க்காரர் பேசாமல் இருந்தவையோ?

ஆரணி: கோபம்தான் அம்மம்மா. உலகப் புகழ் வந்த நேரம் தன்னுடைய ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை என்று பொலின்யானோவில் கனகாலம் மனத்தாங்கல். அதற்குள் அவருக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. 1984இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவின்போது பாரிசவாதம். உடம்பில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

மகேஸ் பெரியம்மா: உங்கட பெரியப்பாவுக்கு வந்தபோது பேச்சே திரும்பவில்லை. இவர் பிறகு பாடினவரோ?

ஆரணி: உடனே இல்லை. முதலில் அரசியலுக்குப் போனார். 1987இல் ரடிக்கல் கட்சியில் பாராளுமன்ற உறுப்பினர். அங்கவீனமானவர்களின் உரிமைக்காகத்தான் அதிகம் கதைத்தார். அப்புறம் சிசிலியில் அக்ரிஜெந்தோவில் ஒரு மனநோய் ஆசுபத்திரி. உள்ளே ஆட்களை ஊத்தையும் நாற்றமுமாக, உடுப்பில்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள். இவர் நேரே உள்ளே போய்ப் பார்த்து, பேப்பர், தொலைக்காட்சி, பாராளுமன்றம் என்று எல்லா இடமும் கொண்டுபோனார். 1989இல் அந்த நோயாளிகளுக்காக அங்கேயே கச்சேரி வைத்தார்.

நிரோஷன்: இது எனக்குத் தெரியாது.

சுகந்தி: எனக்கும் தெரியாது. அந்த அம்மா மீன் பாட்டோடு நிற்பாட்டிவிட்டா.

குமார் அண்ணா: பாரிசவாதம் வந்த பிறகு அந்தக் குரலில் பழைய ஏற்றம் இல்லை. 1993இல் மகன் மாசிமோவோடு ‘தெல்பீனி’ பாடினதைக் கேட்டால் தெரியும். சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் பிடித்துப் பாடுவார். எனக்கு அதுவும் பிடிக்கும். சுத்தமான பதிவு தேடுகிறவர்களுக்குப் பிடிக்காது.

ஆரணி: அதே வருடம் ஆகஸ்டில்தான் பொலின்யானோவில் பெரிய கச்சேரி. ஊரோடு சமாதானம் ஆனது அதில்தான். கடற்கரை முழுக்கச் சனம். 2009இல் அங்கே சிலையும் வைத்துவிட்டார்கள், கை இரண்டும் விரித்தபடி. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்கிறார். எல்லாரும் முன்னுக்கு நின்று அதே மாதிரிக் கையை விரித்துப் படம் எடுப்பார்கள்.

மகேஸ் பெரியம்மா: நல்லது. கடைசியில் ஊர் ஏற்றுக்கொண்டதே, அது போதும். எங்கே மோசம் போனவர்?

ஆரணி: 1994 ஆகஸ்ட் 6, லம்பெதூசாத் தீவில், தன்னுடைய வீட்டில்.

சுகந்தி: லம்பெதூசா அக்ரிஜெந்தோ மாகாணம். அக்ரிஜெந்தோ சிசிலி. பிறந்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கோ, மிச்சத்தை நான் விடமாட்டேன்.

ஆரணி: அம்மா!

சுகந்தி: திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அந்த அம்மாவிடம் பூல்யாக் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். கரண்டியோடு துரத்துவா.

குமார் அண்ணா: பெரியம்மா, இணைப்புகள் அனுப்புகிறேன். முதலில் 1958 சான்ரெமோ, பிறகு வாள்மீன், பிறகு ‘மெராவில்யோசோ’, 1968இல் அவரே பாடினது. நெக்ராமாரோவை நிரோஷன் அனுப்புவான், அதைப் பிறகு கேட்டால் போதும்.

நிரோஷன்: அதைத்தான் முதலில் கேளுங்கோ அம்மா. கிதார் வடிவாக இருக்கும்.

மகேஸ் பெரியம்மா: இரண்டு பேரும் சண்டை பிடிக்காமல் வாள்மீனை அனுப்புங்கோ. மற்றதெல்லாம் நாளைக்கு, இன்றைக்கு டேட்டா முடியப்போகுது.