ஹைன்ரிஷ் பியோல்: 'கதரீனா புளூம்' நாவலா, துண்டறிக்கையா?

முகிலன்:
ஜெர்மன் எழுத்தாளர் பியோலை எதில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு 'கதரீனா புளூமின் இழந்த மானம்' (1974) என்கிறார்கள். சின்னப் புத்தகம், 1975-இல் படமாகவும் வந்துவிட்டது, சரி. அதற்காக அவருடைய சிறந்த படைப்பு அதுதான் என்றால் என்னால் ஏற்க முடியாது.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். கதரீனா 27 வயது வீட்டுப் பணியாளர். 1974 பிப்ரவரி 20, புதன்கிழமை, கார்னிவல் விருந்தொன்றில் கியோட்டன் என்பவனைச் சந்திக்கிறாள். அவன் போலீஸ் தேடும் ஆள் என்பது அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை முதல் 'அந்தப் பத்திரிகை' அவளைக் கொலைகாரனின் காதலி என்று எழுதித் தள்ளுகிறது. ஞாயிறு மதியம் அதன் நிருபர் டியோட்கெஸை அவள் சுட்டுக் கொல்கிறாள்.

இதில் டியோட்கெஸ் ஒரு மனிதனாகவே வருவதில்லை. அயோக்கியன், அவ்வளவுதான். எதிராளிக்கு உள்மனமே கொடுக்காமல் எழுதினால் அது துண்டறிக்கை. 'அந்தப் பத்திரிகை'க்கு மூலமான 'பில்ட்' நாளிதழ் மீது பியோலுக்கு இருந்த கோபம் நியாயமானதுதான், ஆனால் கோபம் நாவலாகிவிடாது.

தேன்மொழி:
டியோட்கெஸின் உள்மனத்தை இந்தக் கதையில் தேடுவதே வீண் வேலை. கதைசொல்லி அறிக்கை எழுதுபவர். விசாரணைப் பதிவுகள், வழக்கறிஞர் புளோர்னா, அரசு வழக்கறிஞர் ஹாக் ஆகியவையே தன் முக்கிய ஆதாரங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். 58 சிறு பகுதிகள். கொலை நடந்த விஷயமும் முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும்: சுட்டது மதியம் 12.15 வாக்கில், போலீஸ் அதிகாரி வீட்டு வாசலில் அவள் மணியடித்தது மாலை 7.04-க்கு. யார் கொன்றது என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதை மட்டும் விட்டுவைக்கிறார். வன்முறை எப்படி உருவாகிறது, எங்கே கொண்டுபோய் விடும் என்று துணைத்தலைப்பிலேயே இருக்கிறது.

அது எப்படி உருவாகிறது என்பதை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் காட்டுகிறார். பனிச்சறுக்கு விடுமுறையில் இருக்கும் புளோர்னாவை டியோட்கெஸ் போய்ப் பார்க்கிறான். கதரீனா புத்திசாலி, நிதானமானவள் என்கிறார் அவர். அச்சில் அது ஈரமற்றவள், கணக்குப் போட்டு நடப்பவள் என்று வருகிறது. அடுத்து, புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் தாய். வெள்ளையடிப்பவன் வேடத்தில் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறான். தாய் கேட்பது: "ஏன் இப்படி ஆகணும், ஏன் இப்படி முடியணும்?" பத்திரிகையில் வருவது: "இது இப்படித்தான் ஆகும், இப்படித்தான் முடியும்." கேள்வியை எடுத்துவிட்டால் தாயே மகளுக்கு எதிரான சாட்சி. படிக்காத சனங்களுக்குப் பேச உதவுவது தன் வேலை என்று அவன் அதற்குச் சமாதானமும் சொல்கிறான். சீக்கிரமே தாய் இறந்துபோகிறாள். பொய்ச்செய்தி தயாராகும் முறையை இத்தனை கிட்டத்தில் வைத்துக் காட்டிய நாவல்கள் எத்தனை?

கடலோடி:
பின்னணி தெரியாமல் இந்த வாதம் நகராது, அதனால் சுருக்கமாக. 1971 டிசம்பர் 22-இல் கைசர்ஸ்லௌட்டர்ன் நகரில் வங்கிக் கொள்ளை, ஒரு போலீஸ்காரர் பலி. மறுநாளே பாடர்-மைன்ஹோஃப் கும்பலின் (இடதுசாரி ஆயுதக் குழு; உல்ரிக்க மைன்ஹோஃப் என்ற பெண் அதன் தலைவர்களில் ஒருவர்) வேலை என்று 'பில்ட்' தலைப்புப் போட்டது. அப்போது போலீஸ் கையில் ஆதாரம் இல்லை. 1972 ஜனவரி 10 'டேர் ஷ்பீகல்' இதழில் பியோல் அதைக் கண்டித்து எழுதினார். ஆறு பேர் கொண்ட கும்பலுக்கு எதிராக நாட்டின் ஆறு கோடிப் பேரா என்று கேட்டதும் அதில்தான். உடனே பயங்கரவாதத்துக்கு வக்காலத்து வாங்குபவர் என்று முத்திரை. ஜூன் 1-ஆம் தேதி லாங்கன்புரோய்ஹ் கிராமத்தில் அவர் வீட்டில் போலீஸ் சோதனை. அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. மைன்ஹோஃபுக்குத் தங்க இடம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஹனோவர் பேராசிரியர் பீட்டர் ப்ரூக்னரின் கதியும் பியோலைப் பாதித்தது.

முகிலன்:
பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், கடலோடி. அந்தக் கொள்ளையையும் கொலையையும் செய்தது அந்த அமைப்புதான் என்பது பிறகு உறுதியாகி, தண்டனையும் கிடைத்தது. நாவலில் பியோல் என்ன செய்கிறார்? கியோட்டன் கொலைகாரனும் இல்லை, வங்கிக் கொள்ளைக்காரனும் இல்லை, ராணுவத்தை விட்டு ஓடும்போது சம்பளப் பணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என்று ஆக்கிவிடுகிறார். கேள்வியின் கடினமான பக்கம் அங்கேயே காணாமல் போய்விடுகிறது. அவன் உண்மையிலேயே கொலைகாரனாக இருந்து, அப்போதும் கதரீனாவின் மானத்தைப் பத்திரிகை தொடக்கூடாது என்று எழுதியிருந்தால் அது பெரிய நாவல்.

தேன்மொழி:
பலமான கேள்விதான். ஆனால் ஆதாரம் வரும் முன்பே தீர்ப்பு எழுதலாமா என்பதுதான் பியோல் எழுப்பிய பிரச்சினை. பின்னால் ஊகம் சரியாகிவிட்டால் அந்த டிசம்பர் 23-ஆம் தேதித் தலைப்பு நியாயமாகிவிடுமா? 'ஷ்பீகல்' நடந்துகொண்டதையும் பாருங்கள். பியோல் தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பு வேறு. அவர்கள் அதை மாற்றி, மைன்ஹோஃபை 'உல்ரிக்க' என்று முதற்பெயரால் குறிப்பிடும் தலைப்பைப் போட்டார்கள். அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நெருக்கம் என்ற தோற்றம் அதிலேயே வந்துவிட்டது. தாயின் கேள்வி பதிலாக மாறும் இடத்தை எழுதியவருக்கு அது சொந்த அனுபவம்.

முகிலன்:
அதை மறுக்கவில்லை. என் குறை வேறு: எடை. 'ஒன்பதரை மணிக்கு பில்லியர்ட்ஸ்' (1959) நாவலின் முடிவிலும் ஒரு பெண்தான் சுடுகிறாள். ஃபேமல் குடும்பத்தின் பாட்டி யோஹானா, ஓட்டல் பால்கனியிலிருந்து ஒரு மந்திரியை. மொத்தக் கதையும் 1958 செப்டம்பர் 6 என்ற ஒரே நாளில், தாத்தாவின் 80-ஆவது பிறந்தநாளில் நடக்கிறது. ஆனால் அந்தக் குண்டுக்குப் பின்னால் ஐம்பது வருஷம் இருக்கிறது. தாத்தா ஹைன்ரிஷ் கட்டிய மடாலயத்தை, போர் முடிய மூன்று நாள் இருக்கும்போது மகன் ராபர்ட் வெடிவைத்துத் தகர்க்கிறான், பேரன் யோசஃப் திரும்பக் கட்டுகிறான். இரண்டு போர்கள், நாஜிகள், பிறகு அதே ஆட்கள் கௌரவமாகப் பதவிக்கு வருவது எல்லாம் அந்தப் பாட்டியின் விரலில் இருக்கிறது. கதரீனாவின் துப்பாக்கிக்குப் பின்னால் நான்கு நாள்தான்.

தேன்மொழி:
நான்கு நாள் போதும் என்பதுதான் பயங்கரம். அவள் வேலை செய்து, கடன் வாங்கிச் சொந்தமாக ஃபிளாட் வாங்கி, யாரையும் சாராமல் நின்றவள். புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் அந்த வாழ்க்கை முழுதும் காலி. ஐம்பது வருஷத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால் பத்திரிகையின் வேகம் தெரியாமல் போயிருக்கும்.

அரும்பு:
இருவரும் சொல்வதைப் பார்த்து பில்லியர்ட்ஸ் எடுத்தேன். மூன்றாவது அத்தியாயத்தில் யார் பேசுகிறார் என்றே பிடிபடவில்லை. வேறு எதிலாவது தொடங்கலாமா?

முகிலன்:
பலரும் விட்டுவிடும் இடம் அதுதான். மொத்தம் 13 அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேசுபவர் பெயரைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் காரியதரிசி லியோனோர், இரண்டில் ஓட்டல் வரவேற்பாளர் யோகன், மூன்றில் பில்லியர்ட்ஸ் அறையில் ராபர்ட் ஹூகோ என்ற பையனிடம் பழைய கதை சொல்கிறான், நான்கில் தாத்தா, ஐந்தில் பாட்டி. யார் 'எருமையின் பிரசாதம்' உண்டவர், அதாவது அதிகாரத்துக்கும் போருக்கும் துணைபோனவர், யார் 'ஆட்டுக்குட்டியின்' பக்கம் என்றும் குறியுங்கள். பியோலே நிகழ்காலம், நினைவு, திரும்பத் திரும்ப வரும் குறிகள் என்று மூன்று அடுக்காக வண்ண வரைபடம் போட்டுத்தான் நாவல் எழுதியவர்.

தேன்மொழி:
அரும்பு, அதற்கு முன் இரண்டு சிறுகதைகளைப் படித்துவிடுங்கள். 1950-இல் வந்த 'வழிப்போக்கனே, நீ ஸ்பா...' கதையில் காயம்பட்டுக் கிடக்கும் சிப்பாய், தான் கிடப்பது மூன்று மாதம் முன்பு விட்டுவந்த தன் பள்ளிக்கூடம்தான் என்பதைக் கரும்பலகையில் ஏழு முறை எழுதியிருக்கும் தன் கையெழுத்தை வைத்துத்தான் உறுதி செய்கிறான். இன்னொன்று, வானொலி ஊழியர் முர்க்கெ பற்றியது. அறிஞர் ஒருவர் தன் உரையில் வரும் 'கடவுள்' என்ற சொல்லை 27 இடங்களில் வெட்டி, 'நாம் வணங்கும் அந்த உயர்ந்த சக்தி' என்று ஒட்டச் சொல்கிறார். முர்க்கெ ஒலிநாடாவைக் கத்தரித்து ஒட்டும் வேலையைப் பார்த்துவிட்டு அடுத்ததாக கதரீனாவின் விசாரணைப் பகுதியை எடுங்கள். வெட்டுவது, ஒட்டுவது, பொருள் மாறுவது எல்லாம் அங்கே தானாகக் கண்ணில் படும். அதன் பிறகும் துண்டறிக்கை என்று தோன்றினால் முகிலனோடு சேர்ந்துகொள்ளுங்கள்.